பேசாக் கம்பியின் பொய்ச்சொல்

சென்ற கோடையில், புதுச்சேரிக் கடற்கரையை அடுத்த ஒரு மாணவர் விடுதியில், மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் கீழிருக்கும் பம்புக்கு அறிவிக்கும் கருவிகளை நண்பர் ஒருவருடன் யாம் அமைத்தோம். கருவிகள் எட்டு, 1983-இல் விதிக்கப்பெற்ற ஆர்.எஸ்.-485 முறைப்படி, முறுக்கிய இரு கம்பிகளில் முறைவைத்துப் பேசுவன. விடை சிதைந்தால் பம்பு நின்றுவிடுமாறும் யாமே செய்திருந்தோம். மூன்றாம் நாள் விடியலில் தொட்டி வறண்டது. வாளியுந் துவாலையுமாய் நின்ற மாணாக்கர் எம்மை நோக்கிய நோக்கை இன்னும் மறந்திலோம்.

விடுதியின் மின்தூக்கி ஓடும்போதெல்லாம் விடை சிதைவதைக் கண்டோம். காரணம் யாது? இரு கம்பிகட்கிடையே மின்னழுத்த வேற்றுமை 0.2 வோல்ட்டுக்கு மேலாயின் கேட்குங் கருவி ஒன்றெனக் கொள்ளும், எதிர்ப்புறம் அவ்வளவாயின் சுழியெனக் கொள்ளும், இடைப்பட்டதற்கு உறுதியில்லை. எதிரொலியை அடக்க இரு முனையிலும் வைக்கும் 120 ஓம் தடைகள் சேர்ந்து 60 ஓம் ஆகின்றன. எவரும் பேசாத வேளையில் அவை இரு கம்பிகளையும் சமப்படுத்திவிடும். அப்பொழுது சிறு சலனமும் ஒரு சொல்லின் தொடக்கம்போற் செவியில் விழும்.

இதனைத் தடுக்கவே ஒரு கம்பியை 5 வோல்ட்டின் பக்கமும் மற்றதை நிலத்தின் பக்கமும் இழுத்துவைக்கும் சாய்வுத் தடைகள் இடுவது. யாமும் இட்டிருந்தோம், ஆனால் கணக்கிடாமல், கைப்பெட்டியில் அகப்பட்ட 4,700 ஓம் தடைகளை! அவை தந்தது 0.03 வோல்ட்டே. குற்றம் முற்றும் எமதே.

60 ஓமில் 0.2 வோல்ட்டு நிற்க வேண்டின், ஒவ்வொரு தடையும் 720 ஓமுக்கு மிகலாகாது. சற்று மிச்சம் வேண்டி 560 ஓம் தெரிந்தோம், 0.25 வோல்ட்டு கிடைக்கும். அதற்கு விலை, இரவும் பகலும் ஓடும் நான்கு மில்லி ஆம்பியர். (பிரெஞ்சு அறிஞர் ஆம்பியரின் பெயரைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரிலிருந்து எழுதுவதில் எமக்கொரு சிறு மகிழ்ச்சி.) சுழிக்குச் சற்றுக் கீழேயே எல்லை வகுத்த புதிய சில்லுகட்குப் பெரும்பாலும் இத்தொல்லை இல்லை, எம்மிடமிருந்தவை பழையன.

“எட்டுக் கருவியிலும் இட்டால் இன்னும் நலமன்றோ?” என்றார் நண்பர். யாம் இசையவில்லை. எட்டிடத்தும் இட்டால் மொத்தச் சுமை 42 ஓமாய் இறங்கும். 54 ஓமுக்கென விதிக்கப்பெற்ற பேசுங் கருவி அதனைத் தாங்குவது ஐயம். ஆகவே ஓரிடத்தில் மட்டும் இட்டோம்.

அன்றிரவு நண்பர் மின்தூக்கியில் இருபது முறை ஏறியிறங்கினார். யாம் கீழே அமர்ந்து விடைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். ஒன்றேனும் சிதையவில்லை.