பெரியக்காவுக்கு வந்த டீச்சர்

பெரியக்காவை விசாரித்துத் தினமும் யாராவது போன் செய்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. டாக்டர் அதைத் தன்மையாகத்தான் சொன்னார். சொட்டு மருந்தை நிறுத்த வேண்டாம் என்றார். இனி எப்படி நடப்பது, எப்படிச் சமைப்பது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் நாங்கள் அடுப்படிப் பக்கமே விடவில்லை. "நீங்க உட்காருங்கக்கா, நான் பார்த்துக்கிறேன்" என்று எட்டு மாதம் நாற்காலியிலேயே வைத்துவிட்டோம். பாசம் என்றுதான் நினைத்தோம்.

பிறகு ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். எனக்குப் பேத்தி வயது. பார்வை போனவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் படித்தவள். மூன்று தாலுகாவுக்கு அவள் ஒருத்திதான். எங்கள் முறை மாதம் ஒரு நாள். முதல் நாளே அக்காவை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரைக்கு இரண்டு. டம்ளர் விளிம்புக்குள் விரல் நுனியை வைத்துப் பச்சைத் தண்ணீர் ஊற்றப் பழக்கினாள். 500 ரூபாய்த் தாள் 100 ரூபாயைவிட 8 மில்லிமீட்டர்தான் நீளம். கை பழகும்வரை 500-ஐ மட்டும் மடித்து வைக்கச் சொன்னாள். வெள்ளைக்கோல் பிடித்து நடக்கும்போது, வலது கால் முன்னே போனால் கோல் நுனி இடப்பக்கம் தட்ட வேண்டும். அடுத்த கால் விழப்போகும் இடத்தை அது முதலிலேயே பார்த்துவிடுகிறது. இத்தனை வருஷம் டீச்சராக இருந்த எனக்கு இதெல்லாம் தெரியாது.

அக்கா பிள்ளையார் கோயில் வரை தனியாகப் போக ஆரம்பித்தார். ரோட்டைக் கடக்கப் பழகுமுன் அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டாள். ஒப்பந்தச் சம்பளம், பாதி பஸ்ஸுக்கே போய்விடும். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு மாதமாக அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்காவது வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர்கள் வருகிறார்கள். எழுபது வயதில் பார்வை போனவரை யார் தேடி வருவார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1993-இல் என் நான்காம் வகுப்பில் கரும்பலகை தெரியாத ஒரு பையன் இருந்தான். ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வருஷம் படித்தும் அப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் உட்கார வைத்தேன், பாஸ் போட்டேன். அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். அந்த வகுப்பில் படித்த யாருக்காவது அவன் இருக்கும் இடம் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.

பிள்ளைகளை என்ன படிக்க வைக்கலாம் டீச்சர் என்று பலர் கேட்கிறீர்கள். பார்வைக் குறைபாட்டுக்கான சிறப்புக் கல்வியில் டிப்ளமோவும் பி.எட்.டும் இருக்கின்றன. சேருமுன் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

அதுவரை, அக்காவுக்கு ரோடு கடக்கச் சொல்லித்தரத் தெரிந்தவர் யாராவது இருந்தால் தகவல் கொடுங்கள். மருந்துக் கடை எதிர்ச்சாரியில் இருக்கிறது. தன் சொட்டு மருந்தைத் தானே போய் வாங்க வேண்டும் என்கிறார்.