பிட்டா: யார் வைத்த பெயர்?

ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா, சாலமன் தீவுகள் வரை பரவிக் கிடக்கும் ஒரு பறவைக் குடும்பத்துக்கு, எந்த நாட்டுப் பறவை நூலைப் புரட்டினாலும், 'பிட்டா' என்றே பெயர். நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலும் காட்டுத் தரையில் சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்பவை. ஆள் அரவம் கேட்டால் தத்தித் தத்திப் புதருக்குள் மறைந்துவிடுபவை. குளிர்காலத்தில் தென்னாட்டுக்கு வரும் இனத்தை நாம் ஆறுமணிக்குருவி என்கிறோம். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வதுண்டு. இந்திக்காரர்களுக்கு அது நவரங். ஒரே பறவைக்கு ஓரிடத்தில் பொழுதும் ஓரிடத்தில் நிறமும் பெயராகியிருக்க, அறிவியலுக்கு மட்டும் பிட்டா எங்கிருந்து வந்தது? அதைத் தேடப் போன எனக்கு மற்றப் பெயர்களும் ஒரே விடையைத்தான் தந்தன: ஒளிந்து வாழும் பறவையின் பெயரில், மனிதர்கள் அதை எந்த இடத்தில், எந்த வேளையில் எதிர்கொண்டார்கள் என்பது பதிந்து கிடக்கிறது.

ஐரோப்பியப் பறவையியலில் 'பிட்டா' முதலில் தலைகாட்டும் ஆண்டு 1713. ஜான் ரே பறவைகளையும் மீன்களையும் வகைப்படுத்தி இலத்தீனில் எழுதிய நூல், அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து அச்சேறியது. அதன் பின்னிணைப்பில் ஜேம்ஸ் பெட்டிவர் என்பவர் சென்னைப் பறவைகள் சிலவற்றைச் சேர்த்தார். அவருக்குச் செய்தி அனுப்பியவர் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி. அந்தப் பட்டியலில் உள்ளூர்ப் பெயரோடு ஒரு பறவை இருக்கிறது: 'பொன்னுங்கி பிட்டா'. பிறகு 1766-இல் லின்னேயஸ் இதைக் காக்கைப் பேரினத்தில் சேர்த்து, குட்டை வால் என்ற பொருளில் இனப்பெயர் வைத்தார். காக்கைக்கும் இதற்கும் என்ன உறவு என்று இன்று சிரிப்பு வரலாம். படத்தையும் குறிப்பையும் வைத்து உலகத்துப் பறவைகளை வகைப்படுத்திய காலம் அது. 1816-இல் பிரெஞ்சுக்காரரான வியேயோ இதைக் காக்கையிடமிருந்து பிரித்துத் தனிப் பேரினமாக்கியபோது 'பிட்டா' பேரினப் பெயராயிற்று. 'பொன்னுங்கி' உதிர்ந்துபோயிற்று.

பிட்டா என்றால் தெலுங்கில் 'அழகுப் பொருள்' என்று விளக்கம் தருவோர் உண்டு. பறவையின் வண்ணத்தைப் பார்த்துப் பின்னாளில் ஒட்டவைத்த பொருளாகவே எனக்குப் படுகிறது. தெலுங்கில் பிட்ட என்றால் பறவை, குறிப்பாகச் சிறு பறவை. தெலங்கானாவின் மாநிலப் பறவையான பனங்காடையை அங்கே பாலபிட்ட என்கிறார்கள். நம் 'குருவி' போன்ற பொதுச்சொல் அது. இந்தப் பறவைக்கே உரிய அடையாளத்தைத் தாங்கிய முன்பாதியை விட்டுவிட்டுப் பொதுச்சொல்லைச் சிறப்புப் பெயராக்கிவிட்டது அறிவியல். சென்னையில் பதிந்த பெயர் ஏன் தமிழில் இல்லை என்று கேட்கலாம். 1639-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்த இடத்தைக் கொடுத்தவர்களே தெலுங்கு நாயக்கர்கள்தாம். கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊரில் தெலுங்கு பேசுவோர் ஏராளம். 'பொன்' இருக்கிறதே, முன்பாதியாவது தமிழாக இருக்கக்கூடாதா? ஆசைதான். ஆனால் பெட்டிவரின் பட்டியலுக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, பறவையியலாளர் ஜெர்டன் இப்பறவைக்குத் தெலுங்குப் பெயராகக் குறிப்பது 'போனா-இங்கி'. ஒலி ஒப்புமையை மட்டும் வைத்து உரிமை கோருவது ஆராய்ச்சி ஆகாது.

நம் ஆறுமணிக்குருவிக்கு வருவோம். காலை வெளுக்கும்போதும் மாலை மங்கும்போதும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும் வழக்கத்தால் வந்த பெயர். ஆனால் இந்த 'ஆறு' பழையதாக இருக்க முடியாது. நாழிகைக் கணக்கு சூரிய உதயத்தில் தொடங்குகிறது. அந்தி முப்பதாம் நாழிகை. விடியலுக்கும் அந்திக்கும் ஒரே எண்ணாக ஆறு பொருந்துவது பன்னிரண்டு மணிக் கடிகாரத்தில்தான். அதனால் பெயரின் இன்றைய வடிவம் கடிகாரம் ஊருக்குள் வந்த பிறகு பிறந்தது. தோட்டக்கள்ளன் என்ற பெயருக்குக் கடிகாரம் தேவையில்லை. இன்னொன்று: ஆறுமணிக்குருவி என்ற பெயர் தென்னாட்டில்தான் பிறந்திருக்க முடியும். குளிர்காலத்திலும் இங்கே உதயமும் மறைவும் ஆறை ஒட்டியே நிகழும். பறவை குஞ்சு பொரிக்கும் இமய அடிவாரத்திலோ ஜூன் மாதத்தில் ஐந்தரைக்கு முன்பே சூரியன் எழுந்து, மறைவதற்கு ஏழு தாண்டிவிடும்.

கூடு கட்டும் காலத்தில்தானே அதிகம் கூவும், பிறகு வடக்கே ஏன் குரல் பெயராகவில்லை என்பது நியாயமான கேள்வி. அப்போது அது பொழுது பார்த்துக் கூவுவதில்லை; மரக்கிளையில் உட்கார்ந்து தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் திரும்பத் திரும்பக் கூவுகிறது. பச்சை முதுகும், நீலச் சிறகுத் திட்டும், சிவந்த அடிவயிறும் கண்ணில் படுகின்றன. நவரங் என்ற பெயருக்கு அதுவே இடம் கொடுத்திருக்கும். தெற்கே அதே பறவை தனியாகத் தரையில் திரிகிறது. பார்ப்பது அரிது, கேட்பதோ தினம் இருவேளை. குளிர்காலத்தை அது கழிக்கும் இலங்கையில் சிங்களவர் வைத்த 'அவிச்சியா' என்ற பெயரும் அதன் குரலைப் போலச் செய்வதுதான். தன் இறகுகளை இரவல் வாங்கிய மயில் திருப்பித் தராததால் அது புலம்புகிறது என்று அங்கே ஒரு கதையும் உண்டு. வலசைப் பாதையின் தென்கோடியில் இரண்டு மொழிகள் காதாலேயே பெயரிட்டிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு ஒளிந்து வாழும் பறவை கோட்டை மருத்துவரின் கைக்கு எட்டியது எப்படி? இரவில் பறந்து வலசை வரும் இவை, அக்டோபர் வாக்கில் களைத்துப்போய் ஊருக்குள் வீட்டு முற்றங்களில்கூட விழுந்து கிடப்பதுண்டு. சென்னையில் இன்றும் அது நடக்கிறது. அப்படி விழுந்த ஒன்றைத்தான் யாரோ எடுத்துவந்து பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். பக்லியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, பெட்டிவரின் பெயர் இருக்கிறது. சொல்லைத் தந்தவர் பெயர் இல்லை. உங்கள் ஊர்ப் பெரியவர் எவராவது இந்தக் குருவியைக் கடிகாரத்துக்கு முந்திய பெயரால் அழைத்தால், அதைக் குறித்து வையுங்கள். சொன்னவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.