கத்தரிக்க முடியாத பாட்டு

எங்கள் வீட்டில் பாட்டுக்கு இரண்டு கட்சிகள் இருந்தன. அப்பா கேசட் கட்சி. அம்மா ரேடியோ கட்சி.

அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். விருதுநகரிலிருந்து தினமும் பஸ். மருந்து அறைப் பக்கம் பீடி, தீப்பெட்டி மட்டுமல்ல, உரசினால் பொறி பறக்கும் எதுவும் ஆகாது. பாட்டுக் கேட்டுக்கொண்டு செய்யும் வேலையும் அல்ல அது. நாள் முழுக்க அப்படி இருந்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் சத்தம் வேண்டியிருந்தது. வருசா வருசம் தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் தெப்பக்குளத்துப் பக்கம் சந்துக்குள் இருந்த ரெக்கார்டிங் சென்டருக்குப் போவார். முழுப் பரீட்சைத் தாளில் வரிசையாகப் பாட்டு எழுதிக் கொடுத்து, காலி கேசட்டையும் கொடுத்துவிட்டு வந்தால் நான்கு நாள் கழித்துக் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைப்பார், ஆலையில் பெட்டிக்கு எண் போடுகிற அதே கையெழுத்தில். மொத்தம் இருபத்தாறு கேசட்டுகள். எங்களைத் தொட விடமாட்டார்.

அம்மா ஒரு பாட்டுக்குக்கூடக் காசு கொடுத்தது கிடையாது. வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஜன்னலில் ரேடியோ ஓடும். முதலில் இலங்கை வானொலி, பிறகு கொடைக்கானலிலிருந்து 100.5இல் கோடை பண்பலை. "நாம போட்டுக் கேட்டா அது பாட்டு. அதுவா வந்தாத்தான் பாக்கியம்" என்பாள். இன்று ஸ்ட்ரீமிங் என்கிறோமே, அதன் கொள்கை விளக்கத்தை எந்தக் கம்பெனியும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. ஒரு வித்தியாசம்தான். கோடை பண்பலை அம்மாவிடம் மாசச் சந்தா கேட்கவில்லை. அவள் என்ன கேட்டாள், எந்த இடத்தில் பாதியில் எழுந்து போனாள் என்று கணக்கும் வைக்கவில்லை.

இந்த இரண்டு கட்சிகளுக்கும் நடுவில் ஒரு வழக்கு இருப்பதே அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு வீடியோ செய்ய உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் மாதம். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஓய்வாகக் கிடைப்பார்கள். அவர்கள் பார்க்க நாற்பது நிமிடத்தில் ஒன்று. அதற்கு என்னிடம் இருந்த பெரிய சொத்து 1996இல் எடுத்த காதுகுத்து விஎச்எஸ் கேசட். காது எனக்கு, ஏழு வயது. ஆனால் அந்த டேப்பின் கதாநாயகி அம்மாச்சி. குலசாமி கோயில் வாசலில் சமையல்காரரை வைது தீர்க்கிறாள். "உப்புப் போட்டியா, இல்ல உன் கைய மட்டும் முக்கி எடுத்தியா?" அம்மாச்சி போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. அவள் குரல் வேறு எங்கேயும் பதிவாகவில்லை. பின்னாலேயே வேப்பமரத்தில் கட்டிய குழாய் ரேடியோவில் 'கரகாட்டக்காரன்' பாட்டு. 1989 படம், ஏழு வருடம் கழித்தும் எங்கள் பக்கம் எந்த விசேஷமும் அது இல்லாமல் நடக்காது.

டேப்பில் பூஞ்சை பிடித்திருந்தது. மதுரையில் கொடுத்துக் கழுவி டிஜிட்டலாக மாற்றினோம். அம்மாச்சியின் வசவு பிழைத்துவிட்டது. அதற்கடுத்த இரண்டு நிமிடம் படம் மட்டும் ஓடுகிறது, சத்தம் இல்லை. அதில்தான் அம்மாச்சி என்னைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறாள். ஊமையாக ஆடுகிறவளைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அதே பாட்டை, அது விட்ட இடத்திலிருந்து எடுத்து ஒட்டவேண்டும். அவ்வளவுதான் வேலை.

அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வயது பதினாலு. தன் போனில் பாட்டைத் தேடி, டவுன்லோட் அழுத்தி, பச்சை டிக் வந்ததும் காட்டினான். "இந்தா மாமா, வந்துருச்சு. எடுத்துப் போடுங்க."

"அது வராதுடா."

"டவுன்லோட் ஆயிருச்சுல்ல? நெட்டை அமத்துனாக்கூட பாடுது பாருங்க. பின்ன ஏன் வராது?"

நல்ல கேள்வி. டவுன்லோட் என்ற சொல்லுக்கு இரண்டு தலைமுறையில் அர்த்தம் மாறிவிட்டது. எனக்கு அது கோப்பு: பெயர் மாற்றலாம், பென்டிரைவில் போடலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம். அவனுக்கு அது ஒரு டிக். ஆப்பிள் மியூசிக், ஸ்பாட்டிஃபை எதுவானாலும் சந்தாவில் இறக்கும் பாட்டு நம் போனில் மறையாக்கம் செய்த வடிவில்தான் உட்கார்ந்திருக்கும். சாவி செயலியிடம். சந்தா தீர்ந்தால் சாவி வேலை செய்யாது, கோப்பு அங்கேயே கிடந்தாலும். வீடியோ எடிட்டிங் மென்பொருளுக்கு அந்தச் சாவியைத் தருவதில்லை. ஐமூவியைத் திறந்து இசைப் பட்டியலைப் பார்த்தால், காசு கொடுத்து வாங்கிய பாட்டை எடுத்துப் போடலாம். சந்தாப் பாட்டை டைம்லைனில் போட வழியில்லை. கேட்கலாம், வெட்டக்கூடாது.

நான் சம்பளம் வாங்குவதே சந்தாவில் ஓடும் மென்பொருளில். உரிமம் தேதி தாண்டிவிட்டதா என்று பார்த்துக் கதவைச் சாத்தும் நான்கு வரிகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று விசாரிக்க அந்த நான்கு வரிகளில் இடமில்லை, அவ்வளவுதான்.

விற்ற பாட்டுக்கும் பூட்டுப் போட்ட காலம் உண்டு. ஐடியூன்ஸில் வாங்கிய பாட்டுகளே முன்பு பூட்டோடுதான் வந்தன. 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, இசைக் கம்பெனிகள் சம்மதித்தால் பூட்டை எடுத்துவிடத் தயார் என்றார். 2009இல் மொத்தமாக எடுத்தார்கள். அந்தக் கடை இந்தியாவுக்கு வந்தது 2012 டிசம்பரில். அதனால் நாம் அங்கே பூட்டுள்ள பாட்டை வாங்கியதே இல்லை. அதற்குச் சில மாதங்கள் முன்பு, பிப்ரவரியில், ஃபிளிப்கார்ட் 'ஃப்ளைட்' என்று ஒரு எம்பி3 கடை திறந்தது. எனக்கு முதல் வேலை கிடைத்த சமயம். சில்லறைக் காசுக்குப் பாட்டு, பூட்டில்லாமல். காசு கொடுத்துப் பாட்டு வாங்குகிற கிறுக்கன் என்று ஹாஸ்டலில் சிரித்தார்கள். ஆளில்லாமல் 2013 ஜூனில் கடையை மூடினார்கள். இந்தியர்கள் பாட்டுக்குக் காசு கொடுக்கமாட்டார்கள் என்று அப்போது எல்லாரும் எழுதினார்கள். கொடுக்கிறோமே இப்போது, மாசா மாசம். வாங்குவதற்குத்தான் கொடுப்பதில்லை. கடை போய்ப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகியும் அங்கே வாங்கிய நாற்பது பாட்டும் என் ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன. இந்தப் பாட்டு அந்த நாற்பதில் இல்லை.

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு சந்தேகம் வரும்: வாங்கிய பாட்டானால் வீடியோவில் போட உரிமை வந்துவிடுமா? வராது. சொந்தம் என்று நாம் சொல்வது அந்தக் கோப்பை, அந்த நாடாவை. பாட்டை அல்ல. கேசட் வைத்திருந்தவனும் சந்தா கட்டுகிறவனும் பதிப்புரிமைச் சட்டத்தின் முன் ஒரே வரிசை. அப்பாவின் இருபத்தாறு கேசட்டைப் பற்றி அந்தச் சட்டத்திடம் வாயே திறக்கக்கூடாது. ரெக்கார்டிங் சென்டர்கள் யாரிடமும் அனுமதி வாங்கித் தொழில் நடத்தவில்லை.

அதே சட்டம் வீட்டுக்குள் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்கிறது. 1957ஆம் வருடச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டை நியாயமான கையாளல் என்று விட்டுவிடுகிறது. கோயில் சடங்கில் பாட்டுப் போடுவதும், கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் போடுவதும் மீறல் ஆகாது என்று அதே பிரிவு சொல்கிறது. இதை மறந்து மண்டபங்களில் பணம் கேட்கிறார்கள் என்று புகார் வந்து, 2023 ஜூலையில் மத்திய அரசே பொது அறிவிப்பு விடவேண்டியிருந்தது. ஆக வேப்பமரத்துக் குழாய் ரேடியோ சட்டப்படியே பாடியிருக்கிறது! பூட்டை உடைப்பதைப் பற்றி 2012 திருத்தத்தில் வந்த 65A பிரிவும் அமெரிக்கச் சட்டம் அளவுக்குக் கடுமையில்லை. உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால்தான் குற்றம். சட்டம் தடுக்காத காரியத்துக்கு உடைத்தால் இல்லை. ஆனால் செயலியை நிறுவும்போது நாம் 'சம்மதம்' அழுத்திய ஒப்பந்தம் இந்த இடத்தைப் பொதுவாக அடைத்துவிடுகிறது. பாராளுமன்றம் திறந்து வைத்த ஜன்னலை ஒரு பொத்தான் சாத்துகிறது. பூட்டைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

பாட்டு இல்லாமலே முதல் வடிவத்தை முடித்து மாமா பார்க்கட்டும் என்று ஒரு தளத்தில், குடும்பத்துக்கு மட்டும் என்று போட்டு ஏற்றினேன். அவர் துபாயில் இருக்கிறார். மறுநாள் கூப்பிட்டார். "எல்லாம் நல்லாருக்குடா. அம்மா ஏதோ வாயசைக்கிறா, என்ன சொல்றான்னுதான் கேக்கல."

நான் சேர்த்த பாட்டு எதுவும் அதில் இல்லை. வேப்பமரத்தில் பாடியதை இயந்திரம் கண்டுபிடித்திருக்கிறது. பாட்டுக்குக் கைரேகை எடுப்பார்கள்: எந்த நொடியில் எந்த அலைவரிசை ஓங்கி நிற்கிறது என்ற புள்ளிகளின் கோலம். இரைச்சலுக்குள்ளும், கூம்பு ஒலிபெருக்கியின் கரகரப்புக்குள்ளும் அந்தக் கோலம் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும். பொறியாளனாக எனக்கு அந்தக் கணக்கின் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் அம்மாச்சிக்குக் கைரேகை இல்லை. பாட்டை அமத்தியபோது அவள் திட்டும் சேர்ந்து அமுங்கிவிட்டது. அவள் மகன் தன் அம்மா குரலைப் பதினெட்டு வருடம் கழித்துக் கேட்க உட்கார்ந்து, கேட்காமல் எழுந்தார்.

இந்தக் கோபத்தில் இளையராஜாவைத் திட்டுவது சுலபம். நண்பர்கள் உடனே அங்கேதான் போனார்கள். 2017இல் எஸ்.பி.பி.யின் அமெரிக்க மேடைகளுக்கு அனுப்பிய நோட்டீஸ், 2024இல் 'குணா' பாட்டுக்காக 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்துக்கு அனுப்பியது என்று பட்டியல் போட்டார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. படத்துக்காகக் கூலி வாங்கிப் போட்ட மெட்டின் முதல் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும், பாட்டு தியேட்டருக்கு வெளியே சம்பாதிப்பதில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு உண்டு என்று சட்டத்தில் எழுத 2012 ஆகிவிட்டது. முப்பத்தைந்து வருடம். அவர் சண்டை போடாவிட்டால்தான் ஆச்சரியம். கோடிகளில் வசூல் செய்யும் படத்திடம் அவர் கேட்பது கேட்கவேண்டியதுதான். அந்தப் படத்துக்கும் எங்கள் காதுகுத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறதே, அது அவரில்லை.

கடைசியில் அப்பாவிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து, பீரோவுக்கு மேலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கி, பார்க்காமலே சொன்னார். "பதினாலு. பி சைடு, மூணாவது."

டேப்ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கம்பி. எந்தச் செயலியும் சம்மதம் கேட்கவில்லை. ஓடவிட்டுப் பதிவு செய்து, காதுகுத்து டேப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சுருதி கிட்டத்தட்ட ஒன்றாக உட்கார்ந்தது. அக்கா மகன் நம்பவில்லை. தன் போனில் அதையே ஓடவிட்டான். அது அரைச் சுருதி கீழே இருந்தது. ஊரில் அன்று நாடாவுக்கு நாடா மாற்றிய இயந்திரங்கள் கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கவேண்டும். மைக்செட்காரரும் அந்த மாதிரி ஒரு கடையில்தான் பதிந்திருப்பார். விருதுநகர் அந்த வருடங்களில் கேட்டது கொஞ்சம் அவசரமான 'கரகாட்டக்காரன்'. பூட்டைத் திறந்து கொடுத்திருந்தாலும் போன் பாட்டு அப்படியே ஒட்டியிருக்காது.

அம்மாவுக்கு இரண்டையும் போட்டுக் காட்டினேன். போனில் வந்ததைக் கேட்டு, "நல்லாத்தான் இருக்கு, தொடைச்சு வச்ச மாதிரி" என்றாள். கேசட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அம்மாச்சி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இதுலயும் ஒரு வரி சறுக்குது பாரு" என்றாள். சறுக்கியது உண்மைதான், நாடா கசங்கிய இடம். சரிசெய்யவா என்றேன். வேண்டாம் என்றாள்.

வீடியோ எந்தத் தளத்திலும் இல்லை. பன்னிரண்டு பென்டிரைவ் வாங்கி, பிறந்தநாளன்று தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்தோம். மாமாவுக்கு ஊருக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் மூலம் ஒன்று போயிருக்கிறது. அக்கா மகன் மட்டும் தன்னுடையதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் போனில் அதைச் சொருகத் துளை இல்லை. ஒரு கனெக்டர் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறான்.

மற்ற இருபத்தைந்து கேசட்டையும் மாற்றிவிடலாம் என்று ஆரம்பித்தேன். ஒன்பதாவதில் டேப்ரெக்கார்டரின் ஹெட் தேய்ந்துவிட்டது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் பழைய செட்டுகள் ரிப்பேர் பார்க்கும் ஒருவர், கிடைத்தால் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.