ஆள் தேடும் ஒரு வேலை

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு மோட்டார் கம்பெனி வந்தால் விடியுமுன்னே வரிசையில் நிற்கிறோம். நம் வாசலுக்கு வராத ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

என் அக்கா மகன் ஒன்றரை வயதிலும் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்றார் பாட்டி. மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் பரிசோதித்துக் காதொலிக் கருவி மாட்டினார்கள். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில் வந்தவை இம்மையங்கள்.

அங்கே பயிற்சி தந்த மேடம் குழந்தையைவிட அக்காவுக்கே அதிகம் கற்றுக் கொடுத்தார். "கருவி சத்தத்தைத்தான் தரும், பேச்சை நீங்கதாம்மா ஊட்டணும்!" குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் மாதம் "மாமா" என்றான்!

பிறந்த 1 மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் பயிற்சி. இதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஆனால் அங்கே மேடம் ஒருவர்தான். வராந்தா முழுக்கத் தாய்மார்கள்.

இதற்குப் படிப்பு இருக்கிறதா? இருக்கிறது. முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கிய, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் ஆரம்ப நிலை இடையீட்டுக்கும் சிறப்புக் கல்விக்கும் படிப்புகள் உண்டு. சிறப்புக் கல்வி படித்தவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். காதொலிக் கருவியைப் பழுதுபார்க்கவும், காதுக்கு அச்சு எடுக்கவும் தனி டிப்ளமோவே இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களே, காதில் விழுகிறதா?

பிளஸ் டூ முடிக்கும் தம்பி தங்கையிடம் சொல்லுங்கள். அடுத்த வேலைவாய்ப்பு வழிகாட்டி நாளில் கம்பெனி அதிகாரிகளோடு இப்படி ஒரு மேடத்தையும் நம் பேரவை மேடையேற்றட்டும்!