கண்ணா, காதா, கையா?

ஆசிரியப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் ஆரம்பத்திலேயே ஒரு ஜாதகம் கிடைத்துவிடுகிறது. புதிய ஊரில் வழி தெரிய வேண்டுமானால் உங்களுக்கு வரைபடம் வேண்டுமா, வாயால் சொன்னால் போதுமா, எழுதித் தர வேண்டுமா, யாராவது கூடவே நடந்து வர வேண்டுமா? இப்படிச் சில கேள்விகள். விடைகளைக் கூட்டிப் பார்த்தால் நீங்கள் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு பி.எட். படிக்க வந்த எனக்குக் கிடைத்த பலன்: கண்வழி கற்பவர். விடுதி அறைத்தோழிக்குக் காதுவழி. அன்று மாலையே அவள் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டாள். "எனக்குக் கேட்டாலே போதுமாம்!"

இவ்வகைக் கேள்வித்தாள்களில் பிரபலமானது 'வார்க்'. நியூசிலாந்தில் பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த நீல் ஃபிளெமிங் 1987-ல் உருவாக்கியது. மனிதர்கள் கற்கும் விதத்தில் வேறுபடுகிறார்கள் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் ஜாதகத்தை நம்பவிடாமல் செய்தது மலையாளம்.

இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு மலையாள எழுத்து தெரியாது. தம்பானூர் பஸ் நிலையத்தில் நின்று, பஸ்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துகளைப் பிடித்தேன். அது கண்ணின் வேலை. ஆனால் உச்சரிப்பைப் பலகை சொல்லித் தரவில்லை. டீக்கடையும் விடுதிச் சமையல்காரச் சேச்சியும்தான் சொல்லித் தந்தார்கள். அது காதின் வேலை. இரண்டும் சேர்ந்தும் மொழி வரவில்லை. கடையில் நானே வாய் திறந்து, பக்கத்தில் நின்றவர்கள் சிரித்து, மறுபடி சொன்ன பிறகுதான் வந்தது. இதில் நான் எந்த ரகம்? எழுத்துக்குக் கண் தேவைப்பட்டது, ஒலிக்குக் காது தேவைப்பட்டது. எதைக் கற்கிறோமோ அதுதான் வழியைத் தீர்மானிக்கிறது.

ஆராய்ச்சியாளர்களும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்கள். ஹரால்ட் பாஷ்லரும் மூன்று அமெரிக்க உளவியல் அறிஞர்களும் 2008-ல் இந்த விஷயத்தை அலசினார்கள். கண்வழி மாணவருக்குப் படமும் காதுவழி மாணவருக்குப் பேச்சுமாகப் பிரித்துக் கற்பித்தால் இருவருமே கூடுதலாகக் கற்கிறார்களா? போதிய ஆதாரம் இல்லை என்பது அவர்கள் முடிவு. கேள்வித்தாள் காட்டுவது நமக்கு எது பிடிக்கும் என்பதை. விருப்பம் வேறு, விளைச்சல் வேறு.

விளைச்சலைப் பற்றி இன்னொரு சோதனை உண்டு. 2006-ல் ரோடிகர், கார்பிக் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, பிறகு பார்க்காமல் நினைவிலிருந்தே மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் படித்தவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம்; எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

பயிற்சி வகுப்புக்காக ஒரு பள்ளியில் பருவமழைப் பாடம் எடுத்தபோது இதை நேரிலேயே பார்த்தேன். ஒரு மாணவி காற்று வீசும் திசைகளை வண்ண பென்சிலால் அச்சுப்போல வரைந்தாள். மறுநாள் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, "இடவப்பாதிக்கும் துலாவர்ஷத்துக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். அவள் தயங்கினாள். பென்சிலையே தொடாத ஒரு பையன் எழுந்து, ஜூனில் தென்மேற்கிலிருந்து வருவது ஒன்று, துலாமாதத்தில், அதாவது நம் ஐப்பசியில், வடகிழக்கிலிருந்து வருவது மற்றொன்று என்று கடகடவென்று சொன்னான். எப்படி என்று விசாரித்தேன். முதல் நாள் ராத்திரி தங்கைக்குப் பாடம் நடத்தியிருக்கிறான்! அடுத்த வகுப்பில் எல்லோரும் நோட்டை மூடிவிட்டுப் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்ல வேண்டும் என்றேன். அந்த மாணவியும் சொன்னாள், தட்டுத் தடுமாறி, ஆனால் தன் வார்த்தைகளில்.

இந்த ஊரில் விஜயதசமியன்று குழந்தைகளை எழுத்தினிருத்துகிறார்கள். பூஜப்புரை சரஸ்வதி மண்டபத்தில் கூட்டம் அலைமோதும். பெரியவர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறார், எழுத்தைச் சொல்கிறார், குழந்தையும் திருப்பிச் சொல்கிறது. கண், காது, வாய், விரல் நான்குக்கும் ஒரே நேரத்தில் வேலை. நீ எந்த ரகம் என்று யாரும் குழந்தையைக் கேட்பதில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதியதும் இப்படித்தான்.

பார்வையோ செவியோ குறைந்த பிள்ளைக்குத் தனி வழி கட்டாயம் வேண்டும். அது தேவை, ரகம் அல்ல. மற்றபடி பத்து வயதுப் பிள்ளையிடம் "நீ காதுவழி" என்று சொல்லிவிட்டால், எழுதாமலிருக்க அவனுக்கு நாமே அனுமதிச் சீட்டு கொடுத்ததாகிவிடும். ஆபத்து ஆசிரியருக்கும் உண்டு. படம் பிடித்த ஆசிரியர் படமாகவே மாட்டுவார், பேச்சு பிடித்தவர் பேசிக்கொண்டே இருப்பார். தன் விருப்பத்தை அறிவது அதற்குள் அடைந்துகொள்ள அல்ல, அதைத் தாண்டி வர.

என்னையே நான் அறிய இப்போது ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன். நேற்றுப் படித்ததில், புத்தகத்தை மூடிய பிறகு, இன்று என்ன மிச்சம்? நாளை என் மாணவர்களிடமும் இதைத்தான் கேட்பேன்.