ஊர்ப் பழி சுமக்கும் முள்செடி

அமெரிக்காவில் அதன் பெயர் கனடா திஸில். நியூசிலாந்தில் அதே செடிக்குப் பெயர் கலிபோர்னியா திஸில். இரண்டு பெயருமே பொய்! அது கனடாவில் பிறந்ததும் இல்லை, கலிபோர்னியாவில் பிறந்ததும் இல்லை. அதன் தாய்மண் ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும்தான்.

சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த களை இது. இலை ஓரமெல்லாம் முள். கோடையில் இளம் ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள். 1753-இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, லத்தீனில் 'வயலைச் சேர்ந்தது' என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்தார். இன்று சிர்சியம் அர்வென்ஸ் என்கிறார்கள். எந்த நாட்டையும் குற்றம் சொல்லாத பெயர்.

பிறகு கனடா எங்கே வந்தது? 1600-களில் ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்த விதைத் தானியத்தோடு கலந்து வட அமெரிக்காவுக்குள் இது நுழைந்ததாகக் கருதப்படுகிறது. விதைத்தவர்களுக்கே தெரியாமல் விதைக்கப்பட்ட களை! ஆனால் பெயர் மட்டும் வடக்கே இருந்த அண்டை நாட்டின் தலையில் விழுந்தது. 1795-இல் வெர்மான்ட் மாநிலம் இதற்கு எதிராகச் சட்டமே போட்டது. சட்டத்துக்குக் களை பயப்படவில்லை.

சொந்த மண்ணிலும் அதற்கு நல்ல பெயர் இல்லை. பிரிட்டனின் 1959-ஆம் ஆண்டுக் களைச் சட்டம், தீங்கு செய்யும் ஐந்து களைகளில் ஒன்றாக இதையும் சேர்த்தது. அங்கே மக்கள் வைத்த பெயர் 'படரும் திஸில்'. உண்மைக்கு மிக அருகில் இருப்பது இந்தப் பெயர்தான்.

ஏனென்றால் இதன் பலம் முள்ளில் இல்லை, வேரில் இருக்கிறது. மண்ணுக்கடியில் வேர் பக்கவாட்டில் ஓடி, போகிற வழியெல்லாம் புதுத் தண்டுகளை மேலே அனுப்பும். ஒருமுறை உழுதுவிட்டு நிம்மதியாக இருக்கும் விவசாயிதான் ஏமாந்து போகிறார். ஏர் வெட்டிய ஒவ்வொரு துண்டு வேரும் தனிச் செடியாகிவிடும். விடாமல் திரும்பத் திரும்ப வெட்டினால்தான் வேரில் சேர்ந்திருக்கும் உணவு தீர்ந்து அது தளரும்.

கனடா என்று பெயர் வைத்தவர்கள் எல்லைக்கு அப்பால் பார்த்தார்கள். கலிபோர்னியா என்று பெயர் வைத்தவர்கள் கடலுக்கு அப்பால் பார்த்தார்கள். வேரோ அவர்கள் காலுக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தது.

எங்கிருந்து வந்தது என்று பழி சொல்லப் பெயர் உதவும். எப்படிப் பரவுகிறது என்று சொல்லும் பெயர் மட்டுமே வயலைக் காப்பாற்ற உதவும்.