கூண்டுக்கிளி வேண்டாமே

நாய் என்றால் எனக்கு உயிர். அதிலும் நம்ம சிப்பிப்பாறை! ஒடுங்கிய முகம், ஒட்டிய வயிறு, ஓடவிட்டால் காற்றுதான். பூனை வேறு ரகம். தோன்றினால் மடியில் வந்து படுக்கும், இல்லாவிட்டால் மதில்மேல். அதுவும் பிடிக்கும்.

கிளியைக் கூண்டில் பார்த்தால் மட்டும் மனசு தாங்குவதில்லை. கூட்டமாகப் பறக்கிற பறவை அது. இறக்கையை வெட்டி, ஒரு மிளகாய்ப்பழத்தைக் கொடுத்து, ‘அக்கா’ சொல்லப் பழக்குகிறார்கள். கூண்டுக்கம்பியை விடாமல் கடித்துக்கொண்டே இருந்த ஒரு கிளியைப் பார்த்துவிட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பச்சைக்கிளி வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பலருக்கு இது தெரிவதே இல்லை. ஆசையாக இருந்தால் மொட்டைமாடியில் ஊறவைத்த அரிசியும் தண்ணீரும் வையுங்கள், தானாக வரும். ஏற்கெனவே கூண்டில் இருந்தால், தயவுசெய்து வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.